ஒரு விரல் குறைந்த அன்னம்

டைப் அடிக்கும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் பெரியப்பா பெயருக்குப் பின்னால் இன்னும் ஒரு பட்டம். கண்ணீர் அஞ்சலி என்றால் விட்டுப்போன நாலு பேரப்பிள்ளைகள். வேலைக்கு மனு என்றால் படிக்காத கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்று. ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன். எடுக்கச் சொல்லி வந்த ஒரே ஆள் அட்டைக்காரர்தான். வணக்கம் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நேராக வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, "இது வேணாம், அடிச்சிடுங்க மேடம்" என்பார்.

பென்சிலால் திரையில் கோடு போட்டுவிடுவாரோ என்று முதல் நாள் நான் பயந்தது உண்மை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பட்டுத் தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து அதில் சுற்றிவரும். துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. சேலையில் அன்னமும் மாங்காயும் வருவது அப்படித்தான். கட்டம் போட்ட கிராப் தாளில் படத்தை வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவது அவருடைய தொழில்.

அந்தத் தொழில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. தெருவில் போகிற பெண்களின் சேலை பார்டரைக் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு "இருக்குது" என்றோ "இல்ல" என்றோ தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுவார். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டால் சிரிப்பார். ஒருமுறை செய்யாறு பஸ்ஸில் ஒரு அம்மாள் செருப்பைக் கையில் எடுக்கிற வரைக்கும் போய்விட்டது. கண்டக்டர்தான், "அட்டை குத்துறவர்மா, பொடவையத்தான் பாப்பாரு, ஆளப் பாக்க மாட்டாரு" என்று காப்பாற்றியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு அதுவும் பிடிக்கவில்லையாம்.

அவருடைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகை எங்கள் கடையில்தான் தயாரானது. அவருடைய மச்சான் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருந்தது. பென்சில் வெளியே வந்துவிட்டது. "ரெண்டு பேப்பர் அரியர் வெச்சிருக்கான். அடிச்சிடுங்க" என்றார். மச்சான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மண்டபம் பிடித்ததிலிருந்து சமையல்காரரை அமர்த்தியது வரைக்கும் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்த மனிதர். முகம் சுண்டிப்போய்விட்டது. நான் நடுவில் புகுந்து, அச்சில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். படித்தது போல இருக்கும், படித்தது ஆகாது என்று பதில் வந்தது. கடைசியில் மச்சானே ரோஷப்பட்டு, அந்த இரண்டு பேப்பரையும் எழுதிப் பாஸ் செய்துவிட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்து எங்கள் கடைக்கு வந்து, சும்மா ஒரு தாளில் தன் பெயரையும் பி.ஏ.வையும் பெரிய எழுத்தில் அடித்து வாங்கிப்போனார்.

இந்த மச்சான்தான் அட்டைக்காரரை வேறொரு பைத்தியத்தில் இழுத்துவிட்டவரும். மலேசியாவில் ஓட்டல் வேலை பார்த்துத் திரும்பியவர், ஒரு நாள் மலாய் மொழி பேசிக் காட்டியிருக்கிறார். கப்பலுக்கு அங்கேயும் கப்பல்தான். கடைக்கு கெடாய், பெட்டிக்கு பெத்தி, கட்டிலுக்கு காத்தில். அட்டைக்காரர் அன்றைக்கே ஒரு கிராப் நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். தமிழும் மலாயும் ஒரு தாய் பிள்ளைகள் என்று மேலே தலைப்பும் போட்டார். அவர் வாழ்க்கையில் சந்தோஷமாக எழுதிய பக்கம் அது. எனக்குக் காட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொடுப்பார்.

அதற்கப்புறம் நோட்டு வளர்ந்துகொண்டே போனது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்களிடம் மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கேட்டால், இவர் கண்ணுக்கு என்ன, தண்ணீருக்கு என்ன, ஏழு எட்டுக்கு என்ன என்று கேட்டு நிற்பார். குவைத்தில் நர்ஸாக இருந்த ஒரு பெண், கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்சுகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள். சந்தவாசல் கல்யாணம் ஒன்றில், கப்பலில் வேலை செய்யும் ஒருவர் மடகாஸ்கர் துறைமுகத்துக்குப் போய் வந்தவர் என்று தெரிந்துவிட்டது. இவர் பந்திக்குப் போகவில்லை, அவரையும் விடவில்லை. இரண்டு பேரும் பசியோடு ஊர் திரும்பினார்கள். ஆனால் நோட்டில் மடகாஸ்கருக்கு ஒரு பத்தி நிறைந்துவிட்டது.

கிராப் தாளில் மேலே வரிசையாக மொழிகள், பக்கவாட்டில் சொற்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அன்னம் வரைகிற மாதிரியேதான் அதையும் வரைந்தார். எங்கள் கடை இன்டர்நெட்டில் உட்கார்ந்து, இதற்கெல்லாம் ஆஸ்ட்ரோனேசிய மொழிக்குடும்பம் என்று பெயர் இருப்பதையும் கண்டுபிடித்தார். மடகாஸ்கரிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிய கூட்டம் அது, ஆதியில் தைவான் தீவிலிருந்து படகேறிப் புறப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் தீவின் பழங்குடிகள் இன்னமும் அந்தப் பழைய மொழிகளைப் பேசுகிறார்களாம். பெயர் நீளமாக இருந்ததால் நான் ஒரே விசையில் அது வந்து விழும்படி செய்துவைத்தேன். அந்த விசை வேறு எதற்கும் உதவாமல் போனது. ஒருமுறை படவேட்டு ரேணுகாம்பாள் கோயில் விழா நோட்டீஸில் தவறிப்போய் ஆஸ்ட்ரோனேசியம் புகுந்துவிட்டது. நல்ல வேளை, அச்சுக்கு முன்பே பார்த்துவிட்டேன்.

நோட்டில் தைவானுக்கு மட்டும் ஒரு பத்தி வெறுமையாக இருந்தது. இன்டர்நெட்டில்தான் கிடக்கிறதே, எடுத்து அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். காதால் கேட்காததை எழுதுவது பார்க்காத அன்னத்தை வரைகிற மாதிரி என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம் அந்தப் பத்தி அப்படியே இருந்தது.

இப்படி ஒரு நோட்டு இருப்பது ஊரின் தமிழ் மன்றத் தலைவர் காதுக்கு எட்டியது. அவர் பெரிய பட்டுக்கடை முதலாளி. மனசும் பெரிசுதான், குரல் அதைவிடப் பெரிசு. முதல் பக்கத்தைப் படித்தார், மேற்கொண்டு புரட்டவில்லை. "மலாய்க்குத் தாய் தமிழ்னு நம்ம ஆரணி ஆளு கண்டுபுடிச்சிருக்காரு. புக்கா போட்டுடலாம்" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். மன்றச் செலவில் அச்சு, அதற்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா, ஊர் முழுக்கப் போஸ்டர். அட்டைக்காரர் அன்றைக்கு எங்கள் கடைக்கு வந்து, புத்தகத்தின் முதுகில் பெயர் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். பென்சிலை எடுக்காமலே வீட்டுக்குப் போனார். அந்த மனிதர் தனக்காக ஆசைப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது போஸ்டர் மாதிரியைக் காட்ட முதலாளியின் கடைக்குப் போனேன். அட்டைக்காரரும் ஏதோ பார்டர் வேலையாக அங்கே இருந்தார். செய்யாறு தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பார்க்க வந்திருந்த தைவான் டெக்னீஷியன் ஒருவர், தன் அம்மாவுக்குப் பட்டுச்சேலை வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். கூட வந்த கம்பெனிக்காரர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த டெக்னீஷியன் ஆமிஸ் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர், வீட்டில் அம்மா பேசுவது அந்த மொழி என்று பேச்சோடு பேச்சாக வந்தது.

அட்டைக்காரரின் கையிலிருந்த கிராப் தாள் கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் அம்மா எப்படி எண்ணுவார் என்று கேட்கச் சொன்னார். டெக்னீஷியன் வெட்கப்பட்டார். விரல் மடக்கி ஒன்றிலிருந்து மெதுவாகத் தொடங்கி, ஐந்துக்கு லிமா என்றார். இவர் கண் விரிந்தது. மலாயிலும் லிமா, பிலிப்பைன்ஸிலும் லிமா. ஏழுக்கு அவர் பித்தோ என்றார். மடகாஸ்கரில் ஃபித்தோ. அடுத்ததை அவர் சொல்வதற்குள் இவர் கையைத் தூக்கி நிறுத்தி, மடகாஸ்கரின் எட்டை எடுத்து "வாலோ?" என்றார். டெக்னீஷியன் அதே நேரத்தில் "ஃபாலோ" என்றார். ஒன்பதுக்கு இவர் "சிவி?" என்றார், அவர் "சிவா" என்றார். மொழிபெயர்ப்பவருக்கு வேலையே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிற இடத்தில் தன் அம்மாவின் எண்ணிக்கையைச் சொல்லக்கூட ஆளில்லாமல் இருந்த மனிதர், ஆரணியில் ஒரு பட்டுக்கடைப் பாயில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி எல்லாருக்கும் காபி சொன்னார்.

காபி வருவதற்குள் இவர் அடுத்த கேள்விகளைக் கேட்டுவிட்டார். கப்பலுக்கு என்ன, கடைக்கு என்ன, பெட்டிக்கு, கட்டிலுக்கு. டெக்னீஷியன் சொன்ன எதுவும் தமிழ் மாதிரி இல்லை. பையிலிருந்த நோட்டை எடுத்து பிலிப்பைன்ஸ் பத்தியையும் மடகாஸ்கர் பத்தியையும் புரட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. மலாயில் மட்டும்தான் இருந்தன. காபியை ஆறவிட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"முதல் பக்கத்த அடிச்சிடுங்க மேடம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் முதலாளி புத்தகம் போடமாட்டார் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பக்கம்தானே, யார் மலாய் படித்துவிட்டு வந்து கேட்கப்போகிறார்கள் என்றேன். புத்தகம் வந்த பிறகு அடுத்த பதிப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பன்னிரண்டு வருடம் நீங்கள் எழுதினீர்கள், நான் டைப் அடித்தேன், எனக்கும் இதில் உரிமை இல்லையா என்று சத்தம்கூடப் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் நம்ம ஆளுங்க கப்பல்ல போய் வியாபாரம் பண்ணப்போ அங்க ஒட்டிகினு நின்ன வார்த்தைங்க மேடம். சரக்கோட போன வார்த்தைங்க. கூடப் பொறந்தது இல்ல" என்றார். அவருக்கு வருத்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டு, அவரே பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.

முதலாளியிடம் முன்னாடியே சொல்லிவிடலாம் என்று போனாராம். அவர் காதில் வாங்கவில்லை, மேடையில் பேசிக்கொள்ளலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் நெசவுக் குடும்பங்கள், பெண்கள் எல்லாரும் பட்டு. முதலாளி பேசி முடித்து மைக்கை இவர் கையில் கொடுத்தார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இவர் மொழியைப் பற்றித் தொடங்கவில்லை. "அன்னப்பட்சி பார்டர் கட்டிகினு வந்தவங்க கொஞ்சம் பார்டரத் திருப்பிப் பாருங்க. அன்னத்துக்குப் பின்விரல் இருக்குதா பாருங்க" என்றார்.

மண்டபம் முழுக்கச் சேலை சலசலத்தது. நானும் குனிந்தேன். என் சேலை அன்னத்துக்குப் பின்விரல் இல்லை. பக்கத்து அம்மாளுக்கு இருந்தது. இருக்குது, இல்லை என்று மண்டபத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. முதல் வரிசையில் முதலாளியின் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

"அது டிசைன் இல்லீங்க. தப்பு. நான் பண்ண தப்பு" என்றார் அட்டைக்காரர். "அந்த அட்டை குத்திகினு இருந்தப்போ எனக்குப் பொண்ணு பொறந்திருக்குதுன்னு சேதி வந்துது. ஒரு துளைய விட்டுட்டேன். பாக்கும்போது தறியில ஏறிப்போச்சு. இருபத்தஞ்சு வருஷமா யாருக்கும் சொல்லல."

அட்டை குத்துகிறவர் மேடையேறித் தன் கை பிசகியதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நெசவாளர்கள் மத்தியில் அது சின்ன விஷயமும் இல்லை. அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். சேலையைக் கண்ணால் பார்த்து யாராவது வரைந்தால் அன்னத்துக்கு விரலைச் சேர்த்துவிடுவார்கள். தேய்ந்த அட்டையை வைத்து மறு அட்டை குத்தினால்தான் அந்தப் பிசகும் கூடவே வரும். அழகு ஒத்துப்போனால் பார்த்து எடுத்ததாக இருக்கலாம். ஒரு காரணமும் இல்லாத சின்ன விஷயம் ஒத்துப்போனால்தான் ஒரே அட்டை. மலாய்க்காரர்கள் நம்மிடம் பார்த்து எடுத்துக்கொண்டவை கப்பலும் கடையும். ஆனால் ஏழையும் எட்டையும் யாரும் கப்பலில் ஏற்றி விற்கமாட்டார்கள். நடுவில் இருக்கும் மலாய் ஏழு, எட்டு, ஒன்பதை மாற்றிக்கொண்டுவிட்டது. கடலின் இந்தக் கோடியில் மடகாஸ்கரும் அந்தக் கோடியில் தைவானும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே மாதிரி எண்ணிக்கொண்டிருக்கின்றன. அவர்கள்தான் ஒரு வீட்டுப் பிள்ளைகள், நாம் பக்கத்துத் தெரு என்று முடித்தார்.

கல்லூரியில் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம். நெசவுக்காரர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. கைதட்டல் பெரிதாகவே இருந்தது. அதற்குள் வேறொன்றும் புரிந்துவிட்டது. "எங்கள் அன்னம் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது" என்பது முதலாளியின் விளம்பரம். அதே அட்டையின் விரல் இல்லாத அன்னமோ ஏழெட்டுக் கடைச் சேலைகளில் உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு மேடை வரைக்கும் வந்தது. முதலாளியும் கடைசியில் சிரித்துவிட்டார், ஆனால் புத்தகம் போடவில்லை. தாய் தமிழ் என்று போஸ்டர் ஒட்டிவிட்டுப் பக்கத்துத் தெரு என்று எப்படிப் புத்தகம் போடுவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எங்கள் கடை ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே நான் நூறு பிரதி எடுத்தேன். யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் தாளில் அட்டை. உற்றுப் பார்த்தால் மூலையில் பிள்ளையார் தெரிவார். முதுகில் பெயர் போடுகிற அளவுக்குப் புத்தகம் தடிமனாக வரவில்லை. முன்னட்டையில் பெரிதாகப் போட்டேன். மண்டபத்துக்கு வந்த நெசவாளர்களே பாதிக்கு மேல் வாங்கிப்போனார்கள். சென்னை, திருப்பதி நூலகங்களுக்கு அவர் தபாலில் அனுப்பினார்.

எல்லாம் போன பிறகுதான் பார்த்தேன். மடகாஸ்கர் பத்தியில் ஏழையும் எட்டையும் இடம் மாற்றி அடித்திருந்தேன். வாலோ மேலே, ஃபித்தோ கீழே. அவர் கண்ணிலும் எப்படியோ தப்பியிருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. சொந்த மச்சானின் பட்டத்தைக்கூட விடாத மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? மறுநாள் அவர் வந்ததும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, சிவப்புப் பென்சிலை நானே அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பென்சிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் மேடம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டது நான் ஒருத்திதான். ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. என்மேல் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார் என்று நினைத்து, கொஞ்ச நாள் அவர்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

பிறகு அவர் ஓசூரில் இருக்கும் பெண் வீட்டோடு போய்விட்டார். அந்த விரலுக்குக் காரணமான பெண்தான். நான் இன்னும் பெரியப்பாக்களுக்குப் பட்டம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் குவைத் நர்ஸ் எனக்கு வாட்ஸப்பில் ஒரு கட்டுரை அனுப்பினாள். யாரோ ஒரு பேராசிரியர், தூர தேசத்து மொழிகளைப் பற்றித் தமிழில் எழுதியது. பல ஆண்டுகள் அலைந்து திரிந்து சேகரித்ததாக முன்னுரை. கட்டம் போட்ட அட்டவணை. மடகாஸ்கர் பத்தியில் வாலோ மேலே, ஃபித்தோ கீழே. எங்கள் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

உடனே ஓசூருக்குப் போன் போட்டேன். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது, நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று மூச்சு விடாமல் கத்தினேன். நான் ஓய்ந்ததும், "ஏழு எட்டு எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"மாறித்தான் இருக்குதுண்ணா. நான் அடிச்ச மாதிரியே."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. ஆரணி தெருவில் சேலை பார்டரைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாரே, அதே சிரிப்பு.

"அப்போ விடுங்க மேடம்" என்றார். "நம்ம வூட்டுப் புள்ளதான்."